அண்ணாச்சி கை வைக்காத வேலை

மேலகரத்தில் எங்கள் தெருவில் எது பழுதானாலும் முதல் போன் ஒருவருக்குத்தான் போகும். தண்ணீர் மோட்டார், குழாய், பூட்டு, மிக்சி, சாரல் மாதங்களில் ஊதிப்போய் மூட மறுக்கும் கதவு என்று எல்லாம் அவர் பொறுப்பு. ஒருமுறை எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குள் ஒரு சாரைப்பாம்பு புகுந்து மாட்டிக்கொண்டபோதும் அவரைத்தான் கூப்பிட்டேன். "பாம்பெல்லாம் நம்ம லிஸ்ட்ல கெடையாதே, சார்வாள்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். குழாயைக் கழற்றி, பாம்புக்கு ஒரு கீறல்கூட விழாமல் வெளியே விட்டுவிட்டு, குழாயை மறுபடி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் என்பதால் அவருக்கு நான் சார்வாள். அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. லைசென்ஸ், சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. ஒரு பழைய மொபெட்டும் உரச் சாக்கில் தைத்த பையும்தான் அவருடைய கடை. ஆனால் எதையும் எடுத்த எடுப்பில் கழற்றிப் போட மாட்டார். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். டாக்டர் நெஞ்சுக்குள் கேட்பதைப் போல இருக்கும். பிறகு, "பேரிங் போச்சு" என்பார். பிரித்தால் பேரிங்தான் போயிருக்கும். பன்னிரண்டு வருடங்களில் அவர் சொல்லித் தவறியதாக எனக்கு நினைவில்லை.

அதனால்தான் போன வருடச் சாரல் சீசனில் நடந்தது எனக்கு அவ்வளவு திகைப்பாக இருந்தது.

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறையும் குளியலறையும் உண்டு. சீசன் மாதங்களில் அருவிக்கு வருகிற தெரிந்தவர்களுக்கு என் மனைவி அதைக் கொடுப்பாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து அவளுடைய கல்லூரித் தோழி கணவரோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் வருவதாக இருந்தது. ஐந்தருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு வெந்நீர் வேண்டும் என்று புதன்கிழமை காலையிலேயே மனைவி மாடியைக் கழுவப் போனாள். நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சத்தம் கேட்டது.

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்க. குழாயத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குது."

போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஒனக்குப் பிரமை" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். "செருப்பக் கழத்திட்டுத் தொடுங்க."

கழற்றிவிட்டுத் தொட்டேன். விரலில் தொடங்கி முழங்கை வரை ஏதோ ஒன்று விறுவிறுவென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன். மாடியில் இருப்பவை பழைய இரும்புக் குழாய்கள். அந்த மாதத்தில் வெயிலே கிடையாது. சுவரும் தரையும் எப்போதும் ஈரம். பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறக்கப்போகிற இடம் அது. உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

பத்து நிமிடத்தில் வந்தார். டெஸ்டரைக் குழாயில் வைத்தார். உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது. குளியலறையில் இருந்த வெந்நீர் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் எரிந்தது. கீழே இறங்கிப்போய் மீட்டர் போர்டில் மாடிக்குரிய ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். மேலே போய் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். இப்போது எரியவில்லை. இனி பையைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் பையைத் தொடவில்லை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நம்ம வேல இல்ல, சார்வாள்."

எனக்குப் புரியவில்லை. "அந்த ஹீட்டர மாட்டுனதே நீங்கதான அண்ணாச்சி?"

"நாந்தான் மாட்டுனேன். அதனாலதான் சொல்லுதேன். சுவிட்ச ஆஃப் பண்ணுன பெறவும் குழாயில கரண்ட் வருது. ஏன் வருதுன்னு எனக்குத் தெரியல. தெரியாத எடத்துல கை வைக்கப்படாது."

"வெள்ளிக்கெழம ஆள் வருதாவ. ஹீட்டர மட்டும் கழத்தி வச்சிருங்க. மிச்சத்தப் பெறவு பாத்துக்கிடலாம்."

"ஹீட்டர்ல இருந்துதான் வருதுன்னு யாரு கண்டா? குழா ஒழுகுனா தண்ணிதான் போவும். இது ஒழுகுனா ஆள் போயிரும்."

எனக்குக் கோபம் வந்தது. முதல் மணி அடிக்க நேரமாகிவிட்டது என்ற அவசரம் வேறு. "என்ன அண்ணாச்சி, பயப்படுதியளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமா, பயமாத்தான் இருக்கு" என்றார் சாதாரணமாக. "கடையநல்லூர்ல ஒரு பாய் இருக்காரு. லைசென்ஸ் உள்ளவரு. சவுதில ரொம்ப வருசம் கட்டட வேல பாத்தவரு. கல்யாண மண்டபத்துல அவரு வேல செஞ்சத நான் நின்னு பாத்திருக்கேன். நம்பர் தாறேன், கூப்பிடுங்க."

நம்பரைச் சொன்னார். பிறகு ஃபியூஸ் கட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டை மிதித்தார்.

"கட்டையக் கொண்டு போறியளே?"

"இங்கன இருந்தா நீங்க மாட்டிருவிய" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பள்ளியில் எனக்குப் பாடம் ஓடவில்லை. இத்தனை வருடம் எங்கள் வீட்டில் எதையும் முடியாது என்று சொல்லாதவர், வேண்டிய நேரத்தில் கையை விரித்துவிட்டாரே என்றுதான் தோன்றியது. லைசென்ஸ்காரர் என்றால் நாலு நாள் இழுப்பார், பாதி வீட்டைப் பிரித்துப் போடுவார், வயர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாயங்காலம் வரும் வழியில் ஒரு கடையில் ஏறி அதே மாதிரி ஒரு ஃபியூஸ் கட்டை வாங்கினேன். ஹீட்டர் வயரை மட்டும் நானே கழற்றி டேப் சுற்றிவிட்டுக் கட்டையைப் போட்டால் முடிந்தது என்பது என் கணக்கு.

வீட்டில் மனைவி என் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் சண்டை போடவில்லை. ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "நம்ம பிள்ளை லீவுக்கு வந்து அந்தக் குளியலறையில குளிப்பான்னா, நீங்க இதப் போடுவியளா?"

எங்கள் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். கட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு அண்ணாச்சி கொடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். மனைவி இன்னொரு பக்கம் தோழிக்குப் பேசினாள். தோழி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. மாடி இல்லாவிட்டால் கீழே ஹாலில் படுத்துக்கொள்கிறோம், அருவி இருக்கிறது அல்லவா என்று சொல்லிவிட்டாளாம்.

கடையநல்லூர்க்காரர் எடுத்த எடுப்பில் விலாசம் கேட்கவில்லை. வீடு கட்டி எத்தனை வருடம், மாடிக் குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, கடைசியாக வயர் வேலை எப்போது நடந்தது என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொன்னேன்.

"எர்த் குழி எங்கன இருக்கு சார்?"

"அப்படி ஒண்ணு இருக்கான்னு தெரியலயே."

"சரி. நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாறேன். மாடியில யாரும் குழாயத் தொட வேண்டாம். முன்னாடி வேல பாத்தவரு இருந்தா அவரையும் வரச் சொல்லுங்க."

இந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கலக்கியது. புதிதாக வருகிற வேலைக்காரர் முதலில் சொல்வது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். "எந்த மடையன் இப்படிச் செஞ்சான்?" என்பார். அதைச் சொல்லாமல் ஒரு போர்டும் திறக்கப்படுவதில்லை. அண்ணாச்சியை நிற்கவைத்துக்கொண்டு அதைச் சொன்னால் என்ன செய்வது? வேண்டுமென்றே அவருக்கு நான் தகவல் சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது, அண்ணாச்சி மழைக்கோட்டோடு கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நம்பர் கொடுத்தது அவர்தான் என்று நான் சொல்லியிருந்ததால், பாயே அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

பாய்க்கு வயது ஐம்பது இருக்கும். மெலிந்த ஆள். நரைத்த தாடி, தடித்த ரப்பர் ஷூ. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அண்ணாச்சி தன் பையிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்களா கழத்தி வச்சிய? ரொம்ப நல்ல காரியம்" என்று பாய் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் மீட்டர் போர்டில் ஒரு தாளை ஒட்டினார். "வேலை நடக்கிறது. யாரும் தொடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வீட்டில் இருந்ததே நாங்கள் நாலு பேர். நாலு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். இருந்தும் ஒட்டினார்.

அவர் வேலை செய்ததை நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் இருந்த மீட்டரை, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்துப் பார்த்தார். பிறகு மாடி லைனில் வைத்து, கரண்ட் இல்லை என்று பார்த்தார். அதோடு விடாமல் கீழே வந்து மறுபடி கரண்ட் உள்ள இடத்திலேயே வைத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன்.

"நடுவுல மீட்டரே செத்துப்போயிருந்தா? கரண்ட் இல்லன்னு அது சொன்னத நம்பி நான் கை வச்சிருவேன்லா."

முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம், விடை வந்துவிட்டது என்று பேனாவை மூடாதே, திருப்பிப் போட்டுப் பார் என்று தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். ஒரு மனிதர் அதைத் தன் உயிருக்காகச் செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

ஹீட்டரைக் கழற்றிச் சோதித்தார். உள்ளே கம்பிச்சுருள் வெடித்திருந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பு அரித்ததாம். அதிலிருந்துதான் கரண்ட் தண்ணீரிலும் குழாயிலும் இறங்கியிருக்கிறது. ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஏன் வந்தது? பாய் மாடி அறையின் சுவிட்ச் போர்டைத் திறந்தார். உள்ளே வந்த இரண்டு வயர்களும் ஒரே சிவப்பு. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இந்த போர்ட மாத்துனது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி ஓர் அடி முன்னால் வந்தார்.

"நாந்தான் பாய். இடி எறங்குன வருசம் பழைய போர்டு கருகிப்போச்சு."

"ரெண்டும் ஒரே கலரு. கரண்ட் வார வயர் எதுன்னு எப்படிப் பிரிச்சிய?"

"டெஸ்டர் வச்சேன். ரெண்டுலயும் எரிஞ்சுது. ஏன்னு வெளங்கல. இதுவாத்தான் இருக்கும்னு ஒண்ண எடுத்து மாட்டிட்டேன். லைட் எரிஞ்சுது, ஃபேன் ஓடுச்சு. சரின்னு போயிட்டேன்."

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாரோ பிறகு கை வைத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. அந்த மனிதர் தன் தவறை, ஒரு பூட்டின் கோளாறை விவரிப்பதைப் போல, விடாமல் முழுக்கச் சொன்னார். முகம் மட்டும் சிறுத்துப் போயிருந்தது.

நான் பயந்த வார்த்தை வரவில்லை. பாய் போர்டுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அண்ணாச்சியையும் உட்காரச் சொன்னார்.

"எங்கயோ ஒரு லைட் போட்டபடி இருந்திருக்கும் அண்ணாச்சி. அது வழியா வந்து ரெண்டு வயர்லயும் எரிஞ்சிருக்கும். சவுதில மொத வருசம் நானும் இப்படி ஏமாந்திருக்கேன். எனக்கு மேல வேல பாத்தவன் கண்டுபிடிச்சிட்டான், அதனால தப்பிச்சேன். இங்க என்ன ஆச்சுன்னா, சுவிட்சு கரண்ட் வார வழிய மறிக்காம, திரும்பிப் போற வழிய மறிச்சிருக்கு. ஆஃப் பண்ணுனாலும் ஹீட்டருக்குள்ள கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும்."

அண்ணாச்சி அந்த இரண்டு சிவப்பு வயர்களையும் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

"ஆனா, இவ்வளவு இருந்தும் ஆளுக்கு ஷாக் அடிச்சிருக்கக் கூடாது" என்றார் பாய் எழுந்துகொண்டே. "எர்த் இருந்தா, ஒழுகுற கரண்ட் மண்ணுக்குப் போயிரும், ஃபியூஸ் போயிரும். ஹீட்டருக்கு எர்த் வயர நீங்க சரியாத்தான் குடுத்திருக்கிய. அது எங்கன போய் நிக்குதுன்னு பாப்போம்."

மீட்டர் போர்டிலிருந்து ஒரு தடித்த கம்பி சுவரோரமாகக் கொல்லைப்பக்கம் போனது. அதைத் தொடர்ந்து மூவரும் போனோம். பின்னாலேயே மனைவியும் வந்தாள். சுவரின் அடியில், நாங்கள் எட்டு வருடத்துக்கு முன் பதித்த தரை ஓடுகளின் விளிம்பில், கம்பி முடிந்துவிட்டது. முனை நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தது.

பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. அங்கே முன்பு சின்னதாக ஒரு சிமெண்ட் தொட்டி மூடியோடு இருந்தது. கொசு அடைகிறது என்று ஓடு பதிக்கும்போது அதை மூடச் சொன்னேன். கொத்தனார், "உள்ள ஏதோ கம்பி போவுது சார்" என்று கேட்டார். "தேவையில்லாதது, வெட்டி விடுங்க" என்றேன். பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றேன்.

மனைவி விடவில்லை. "அன்னிக்கே நான் கேட்டேன், இது என்ன கம்பின்னு. பழைய டி.வி. ஆன்டெனா கம்பின்னு இவிய சொன்னாவ."

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அண்ணாச்சி என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "அப்ப கொசு ரொம்பத்தான் இருந்துது" என்றார். முதுகலைக் கணிதம் படித்தவன் நான். எட்டு வருடத்துக்கு முன் என் வீட்டின் உயிர்நாடியை நானே வெட்டிப் போட்டுவிட்டு, முந்தின நாள் காலையில் அந்த மனிதரிடம் பயப்படுகிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். நல்லவேளை, அவர் பயந்தார்.

வெள்ளிக்கிழமை புதிய எர்த் குழி தோண்டினார்கள். அது அண்ணாச்சியின் ராஜ்யம். தரை ஓடுகளைச் சுத்தியல் கைப்பிடியால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது, பாறை எங்கே தலை தூக்குகிறது என்று வீடு கட்டிய கொத்தனாருக்கே மறந்திருக்கும். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். நாலு ஓடுகளை ஒரு மூலைகூட உடையாமல் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்தார். பாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத நான் செஞ்சா எட்டு ஓடு ஒடைஞ்சிருக்கும்" என்றார் என்னிடம் மெதுவாக.

மார்பளவு தோண்டி, இரும்புக் குழாயை மேலும் கீழே அடித்து இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். பாய் தன் கருவியை மாட்டிப் பார்த்தார். எங்களுக்கு ஏதோ ஓர் எண் தெரிந்தது. அவருக்கு அது போதவில்லை.

"இப்ப மழக்காலம். மண்ணு ஈரமா இருக்கும்போதே இவ்வளவுதான்னா, பங்குனி வெயில்ல என்ன ஆவும்? இன்னொரு குழாய் எறக்கணும்."

மணி நாலாகியிருந்தது. மழை வலுத்துவிட்டது. இதுவே போதும், ஆள் வருகிற நேரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்தார். "நாளைக்கு வெடியக்காலயே வந்திருதேன் பாய்" என்றார். தோழியின் குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்கு மனைவி அடுப்பில் வெந்நீர் போட்டு ஊற்றினாள். ஹாலில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. மாடி போர்டில் வயர்கள் இடம் மாறின. ஒவ்வொன்றிலும் கலர் டேப் சுற்றப்பட்டது. மீட்டர் பக்கத்தில், கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் லைனை வெட்டிவிடும் ஒரு புதிய சுவிட்ச் ஏறியது. அதிலுள்ள பட்டனை அமுக்கிக் காட்டினார் பாய். டப் என்று வீடு முழுவதும் அணைந்தது. "மாசத்துக்கு ஒருக்கா இத அமுக்கிப் பாக்கணும். சுவிட்சு விழுந்து கரண்ட் போகலன்னா என்னயக் கூப்பிடணும்" என்று மனைவியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அதற்கு அவருக்குக் காரணம் இருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி வந்தார். பை இல்லாமல் வந்தார்.

"சார்வாள், ஒரு தாள் எடுங்க. நான் சொல்லுதத எழுதணும்."

அவர் இதுவரை போர்டு மாற்றிய வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். மாற்றிய காரணத்தை வைத்து நினைவுபடுத்திக்கொண்டார். ஒன்று எலி கடித்தது, ஒன்று கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது தண்ணீர் இறங்கியது, ஒன்று இலஞ்சியில், ஒன்று புளியறையில். பன்னிரண்டு இடங்கள் வந்தன. "பழைய வீடுவ. ஒரே கலரு வயரு. எதுல மாத்தி மாட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாது. பாய்ட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கெழம தோறும் வாறேன்னு சொல்லிட்டாரு. வீட்டுக்காரவிய கேட்டா எடுத்துச் சொல்ல நீங்க கூட வந்தா நல்லாருக்கும்."

எனக்குத் தெரிந்து இப்படி ஒரு காரியத்தை எந்தப் படித்தவரும் செய்ததில்லை. திருத்திய விடைத்தாளில் தப்பு விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால்கூட, பேசாமல் இருந்துவிடுகிறவர்கள்தான் நாங்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இலஞ்சி வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "லைசென்ஸ் இல்லாதவன் எதுக்குய்யா கரண்ட்ல கை வச்ச? குடும்பத்தோட சாகவா?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். அண்ணாச்சி குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். "தப்புதான் ஐயா. இப்ப லைசென்ஸ் உள்ளவரக் கூட்டிட்டு வந்திருக்கேன். மெயின அமத்தட்டுமா?" என்றார். பாய் உள்ளே போய்ப் பார்த்தார். அங்கே எல்லாம் சரியாகவே இருந்தது. அதிகாரிக்குச் சங்கடமாகிவிட்டது. "சரியாத்தான இருக்கு. பெறவு எதுக்கு இந்த மழையில வந்திய?" என்றார்.

"சரியா இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்லா ஐயா" என்றார் அண்ணாச்சி.

அதிகாரி எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

பன்னிரண்டில் இரண்டு இடங்களில் வயர் மாறியிருந்தது. ஒன்று எங்கள் தெருவிலேயே ஒரு வீடு. இன்னொன்று புளியறையில், லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற ஓர் ஓட்டல். கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். அங்கே மாவாட்டும் கிரைண்டருக்குக் கீழே ஒரு மரப்பலகை கிடந்தது. அந்தப் பலகையில் ஏறி நின்றுதான் மாவை அள்ள வேண்டும் என்று அந்த அம்மாள் இயல்பாகச் சொன்னார். தரையில் நின்று தொட்டால் லேசாக இழுக்குமாம்.

"எவ்வளவு நாளா?" என்று பாய் கேட்டார்.

"அது ரெண்டு வருசமா இருக்கும். கிரைண்டர்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கிட்டோம்."

அண்ணாச்சி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மாளிடம், போர்டைத் தவறாக மாட்டியது தான்தான் என்று சொன்னார். அவர் கோபப்படவில்லை. கணவரைப் பார்த்தார். கணவர், "வந்து சொன்னியளே, அதுவே பெருசு" என்றார். பாய் இரண்டு மணி நேரம் வேலை பார்த்தார். எர்த் குழிக்கு மண்ணை அண்ணாச்சிதான் வெட்டினார், எங்கள் இருவரையும் மண்வெட்டி தொட விடவில்லை.

இப்போதும் தெருவில் யாராவது என்னிடம் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்கிறார்கள். குழாய், பூட்டு, மோட்டார் சத்தம் என்றால் அண்ணாச்சி. சுவிட்சுக்குப் பின்னால் என்ன இருந்தாலும் பாய் என்கிறேன். அண்ணாச்சியைத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கும்படி பாய் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். "எனக்குக் கேக்கதுக்குத்தான் காது இருக்கு. கரண்ட் சத்தம் போடாதே பாய்" என்று அவர் மறுத்துவிட்டார். சுவரைக் கொத்த, குழி வெட்ட, ஓடு பெயர்க்க என்று பாய்தான் இப்போது அவரைக் கடையநல்லூர் வரை கூப்பிட்டுக்கொள்கிறார்.

அன்று புளியறையில் வேலை முடிந்ததும் பாய் கிரைண்டரை ஓடவிட்டு, தரையில் நின்று தானே முதலில் தொட்டுக் காட்டினார். பிறகு அந்த அம்மாள் பலகையை விட்டு இறங்கி, ஒரு விரலை நீட்டி, பயந்து பயந்து தொட்டார். ஒன்றும் இல்லை. முழுக் கையையும் வைத்தார். சிரித்துவிட்டு, ஊறவைத்த அரிசியைத் தூக்கி உள்ளே போட ஆரம்பித்தார். வாசலில் ஒரு கேரளா லாரி வந்து நின்றது. சாப்பிட ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.